பாலத்துத் திருப்பத்தில் ஒரு சத்தம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

கவரைப் பார்த்ததும் பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, என் போனும் நன்றாகத்தான் இருக்கிறது. இனி உனக்கு நான் போன் பண்ணக் கூடாது என்று முடிவாகியிருக்கிறது, அதனால்தான் கடிதம். ஸ்கூலில் லீவ் லெட்டர் எழுதிய பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. கையெழுத்தைக் கிண்டல் பண்ணாதே.

நீ பிடித்துத் தள்ளியதால்தான் அந்த தெரபிஸ்ட் அம்மாவிடம் போனேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஒரே ஒரு அறை. போர்டு கிடையாது, அழைப்பு மணிக்குப் பக்கத்தில் சின்னதாகப் பெயர் மட்டும். கட்டில் இருக்கும், படுக்கச் சொல்வார்கள் என்று நினைத்து ஓட்டை இல்லாத சாக்ஸாகத் தேடிப் போட்டுக்கொண்டு போனேன். பார்த்தால் எதிரெதிரே இரண்டு நாற்காலிகள்தான். என் நாற்காலிக்குப் பக்கத்தில் டிஷ்யூ பெட்டி இருந்தது, அவர் பக்கத்தில் இல்லை. நான் அழுவேன் என்று வரும் முன்பே முடிவு பண்ணிவிட்டார்களே என்று எனக்குக் கோபம் வந்தது.

முதல் நாள் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். இங்கே பேசுவது வெளியே போகாது, உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு என்றார். இன்னொருவர் உயிர் என்றதும் எனக்கு வியர்த்துவிட்டது. “நான் ஏற்கெனவே யாரையாவது இடிச்சிருந்தா?” என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “அதைப் பத்திப் பேசத்தானே வந்திருக்கீங்க” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஹோட்டல் படுக்கை விரிப்புகளை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிறேன், சக்கரத்துக்கு அடியில் எது தட்டினாலும் ஒரு ஆளை ஏற்றிவிட்டேன் என்று தோன்றும், திரும்பிப் போய்ப் பார்ப்பேன், பார்த்துவிட்டு வரும்போது இன்னொரு தட்டு தட்டும், அதற்கும் திரும்புவேன். சலவைக்கூடத்தில் எனக்கு ‘ரவுண்டு’ என்று பெயர் வைத்திருப்பதையும் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. விரிப்புகள் தாமதமாகப் போய், மேனேஜர் என்னை வண்டியிலிருந்து இறக்கி மடிக்கும் மேசைக்கு அனுப்பியதையும், சரியாகி வந்தால் வண்டி உனக்கு, இல்லாவிட்டால் புது டிரைவருக்கே என்று சொன்னதையும் சொன்னேன். அக்கா, ஐம்பது நிமிடம் ஒருத்தர் நம் பேச்சில் குறுக்கே வராமல் கேட்டால் எவ்வளவு களைப்பாக இருக்கும் தெரியுமா? கடைசியில் என்ன பண்ண வேண்டும் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். “அடுத்த வியாழக்கிழமை பார்க்கலாம்” என்றார். மாடிப்படி இறங்கும்போது திட்டிக்கொண்டேதான் இறங்கினேன்.

இரண்டாவது தடவைக்கு நம் சின்ன வயதுக் கதைகளையெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு போனேன், சினிமாவில் அதைத்தானே கேட்கிறார்கள். அது அப்புறம், நேற்று சாயங்காலம் என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்றார். மூன்றாவது தடவையில்தான் உன் பேச்சு வந்தது. தினமும் சாயங்காலம் உனக்குப் போன் பண்ணி, நான் யாரையும் இடிக்கலையே என்று கேட்பதையும், நீ இல்லைடா என்று சொல்வதையும் சொன்னேன். “அக்கா சொல்ற ‘இல்லை’ எவ்வளவு நேரம் தாங்குது?” என்று கேட்டார். முன்பெல்லாம் காலை வரை தாங்கும், இப்போது போனை வைப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது என்றேன். அதனால் இனி நீ அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாதாம். ஒவ்வொரு பதிலும் அந்தப் பயத்துக்குப் போடும் தீனியாம். போனில் உன் குரல் காதில் விழுந்தால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது என்றேன். கடிதம் என்பது என் யோசனைதான். பதில் வந்து சேர்வதற்குள் கேள்வி ஆறிப்போய்விடும் இல்லையா?

ஆறவில்லை அக்கா. கடைசியாக வண்டி ஓட்டிய அன்று நல்ல மழை. பாலத்துத் திருப்பத்தில் ஒரு சத்தம் கேட்டது. ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு உன்னோடு பேசிக்கொண்டே போனேன், நீயும் லைனில் இருந்தாய். போலீஸ்காரர் போக்குவரத்தைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்ததால் என்னால் திரும்பிப் போய்ப் பார்க்க முடியவில்லை. நான் யாரையும் இடிக்கவில்லைதானே?

உன் தம்பி


பிப்ரவரி 13

தம்பி,

கையெழுத்தைக் கிண்டல் பண்ணாதே என்று எழுதியிருக்கும் வரியையே என்னால் படிக்க முடியவில்லை. மாமாதான் படித்துச் சொன்னார்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பிக்கு நான் என்ன பதில் சொல்வது என்று மூக்குக்கண்ணாடிக் கடை மாடியிலிருந்து ஒரு அம்மா முடிவு பண்ணுவாரா? ஏதாவது மாத்திரை எழுதிக்கொடுப்பார், நீ நன்றாகத் தூங்குவாய் என்று நினைத்துத்தான் உன்னை அனுப்பினேன். பேசுவதற்கு நான் இல்லையா? பேச்சுக்கு எனக்கு என்ன பஞ்சம்? மாமாவும், ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டுப் போயேன் என்கிறார். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லக் கூடாது என்கிறார்கள் என்றால் அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரிந்ததாகச் சொல்ல முடியாது.

இங்கே வேலை அப்படியேதான் இருக்கிறது. வெளிச்சமான பலகைக்கு முன்னால் கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும், விரிசல் விட்டதைப் பார்த்து எடுத்துப் போட வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே கண் ஏமாற்ற ஆரம்பிக்கும், எல்லாம் நல்லதாகத் தெரியும், இல்லாவிட்டால் எல்லாம் விரிசலாகத் தெரியும். அதனால் ஆளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். என்னை உன்னிடமிருந்து யாரும் மாற்றிவிடவில்லை, வருஷக்கணக்காக உன் புட்டிகளை நான் ஒருத்தியாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை. மாற்றிவிடச் சொல்லி நான் கேட்டதும் இல்லை.

நீ கடைசியில் கேட்டிருந்ததற்கு இங்கே ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அந்த அம்மாவிடம் சொல், அக்கா சொன்ன பேச்சைக் கேட்கிறாள் என்று.

ஒழுங்காகச் சாப்பிடு. வியாழக்கிழமை விடாமல் போ.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

நீ அடித்த வரியை பல்புக்கு முன்னால் பிடித்துப் படித்துவிட்டேன். “இல்லைடா, நீ யாரையும் இடிக்கலை.” நீ பேனாவை அழுத்தி எழுதுகிறவள், தாளின் பின்பக்கத்தில் தடவினாலே தெரிகிறது.

அப்பாடா என்று இருந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன். பாத்திரம் கழுவும்போது, எழுதியதை ஏன் அடித்தாள் என்று ஒரு யோசனை வந்தது. தெரபிஸ்ட் சொன்னதற்காக அடித்தாள் என்று எனக்கே தெரியும். ஆனால் ஒருவேளை பொய் என்று தோன்றி அடித்திருந்தால்? அவ்வளவுதான், மறுபடி மண்டைக்குள் மழை, பாலம், சத்தம். அந்த வரியை அன்றைக்கு எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேனோ தெரியாது. தாளே நைந்துவிட்டது.

வியாழக்கிழமை அதை அவரிடம் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். “உங்க ரெண்டு பேருக்கும் இது ரொம்பக் கஷ்டமா இருக்கு” என்றார். அதற்குத்தான் அந்த டிஷ்யூவை எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு முன்னால் அழக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

இப்போது வீட்டுப்பாடம் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். புது டிரைவர் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாலத்துத் திருப்பம் வரை போய்வர வேண்டும். கண்ணாடியைப் பார்க்கக் கூடாது, பின்னால் திரும்பக் கூடாது, ஏதாவது தட்டுச்சா என்று அவனைக் கேட்கக் கூடாது. பயம் வரும், வந்தால் வரட்டும், அது தானாக இறங்கும்வரை ஒன்றும் பண்ணாமல் இருங்கள் என்கிறார். ஒன்றும் பண்ணாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புது டிரைவர் நல்லவன். வாந்தி வருதா அண்ணே என்று வண்டியை நிறுத்தப் பார்த்தான்.

போவதற்கு முன்னால் இருந்ததைவிட இப்போதுதான் மோசமாக இருக்கிறேன். ஆரம்பத்தில் சிலருக்கு அப்படித்தான் இருக்கும் என்று அவர் முதல் நாளே சொன்னார், நான்தான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மடிக்கும் மேசையில் விரிப்பை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், எதிரில் பிடிக்கும் பெண் தன் முனையை மடித்துவிட்டு என் முனைக்காகக் காத்திருக்கிறாள்.

கேட்கக் கூடாது என்று தெரியும். அன்று நீ லைனில் இருந்தாய். உனக்கு என்ன கேட்டது?

தம்பி


மார்ச் 5

தம்பி,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கை காலே ஓடவில்லை. சரியாவதற்குத்தானே அனுப்பினேன்? விரிப்பு மடிக்க முடியாமல் நிற்கிறாய் என்றால் இது என்ன வைத்தியம்? பக்கத்தில் இருந்தாலாவது ஒரு வாய் சாப்பாடு போட்டுக் கூடவே உட்கார்ந்திருப்பேன். வருஷம் முடியாமல் இங்கே லீவு இல்லை. கேட்டுப் பார்த்தேன், தம்பிக்கு என்ன என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் நான் ஒரு வேலை பண்ணினேன். கோபப்படாதே. நீ இருக்கும் பகுதியின் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். அந்த மழை நாளில் பாலத்துத் திருப்பத்தில் ஏதாவது விபத்து பதிவாகியிருக்கிறதா என்று கேட்டேன். ஒரு அதிகாரி பொறுமையாகப் பார்த்துச் சொன்னார். அன்றும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. பள்ளம் தோண்டியதற்கு மேல் அங்கே ஒரு இரும்புத் தகடு போட்டிருந்தார்களாம், வண்டி ஏறினால் தடால் என்று சத்தம் வருமாம்.

இதை நான் சொல்லவில்லை, போலீஸே சொல்கிறது. அந்த அம்மா என்னைத்தானே பதில் சொல்லக் கூடாது என்றார்? இனி நிம்மதியாக இரு. இதோடு இந்தப் பேச்சை விடு, என் கண்ணில்லையா.

அக்கா


மார்ச் 14

அக்கா,

ஏன் கேட்டாய்?

இத்தனை வருஷமாக இல்லைடா, இல்லைடா என்று நீ சொல்லும்போது உனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். என் தலை கோளாறு, அக்காவின் தலை சரியாக இருக்கிறது, அது போதும் என்றுதான் காலத்தை ஓட்டினேன். நிச்சயமாகத் தெரிந்தவள் போலீஸுக்குப் போன் போடுவாளா? உனக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது. அன்று லைனில் உனக்கு ஏதோ கேட்டிருக்கிறது.

நீ போன் போட்டதால் இப்போது எனக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது. நானும் போட்டேன். பதிவாகவில்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தமா என்று கேட்டேன். மறுநாளும் கேட்டேன். நான் பேச ஆரம்பித்ததுமே, “நீங்களா?” என்கிறார் அந்த அதிகாரி. நேற்று அவர் தன்மையாகத்தான் கேட்டார், “நீங்க ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா தம்பி?” என்று. போனை வைத்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை போகவில்லை. இந்த வியாழக்கிழமையும் போகப் போவதில்லை. எனக்கு எழுதாதே. உன் கடிதத்தில் எந்த வரியில் என்ன இருக்கிறது என்று தேடித் தேடி என்னால் முடியவில்லை.


மார்ச் 25

தம்பி,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். படிக்காவிட்டாலும் பரவாயில்லை. போனை நீ எடுக்கவில்லை. சலவைக்கூடத்துக்குப் போட்டேன், வேலைக்கு வருகிறான் என்று மட்டும் மேனேஜர் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அப்புறம் அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். அவரோடு சண்டை போடத்தான் போட்டேன். என் தம்பி அங்கே வருகிறானா என்று கேட்டேன். “யார் இங்க வர்றாங்க, வரலைன்னு நான் யாருக்கும் சொல்ல முடியாதுங்க” என்றார். நான் அவனுடைய அக்கா என்றேன். “அக்காவா இருந்தாலும்” என்றார். உயிரோடு நன்றாக இருக்கிறானா என்றாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். உங்களுக்கு இப்போதே அவர் உயிருக்குப் பயமாக இருந்தால் நேரில் போய்ப் பார்க்க யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்கிறேன் என்றார். அப்படி இல்லை, வேலைக்குப் போகிறான் என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. போனை வைத்துவிடுவார் என்று பார்த்தால், “நீங்க எப்படி இருக்கீங்க?” என்று கேட்டார். அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை தம்பி. மாமா சமையலறைக்கு ஓடி வரும் அளவுக்கு அழுதுவிட்டேன்.

நான் பண்ணியதைச் சொன்னேன். அவர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பொதுவாகச் சொல்கிறேன் என்று ஒன்று மட்டும் சொன்னார். பிடித்தவர்கள் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாராலும் முடியாது, அதனால் நம் தவிப்பைக் குறைக்கத்தான் பாதி நேரம் பதில் சொல்கிறோம் என்றார். எனக்குச் சுருக்கென்று குத்தியது. உனக்காகப் போலீஸுக்குப் போன் போட்டேன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ எழுதியது சரிதான். அன்று லைனில் எனக்கும் ஒரு சத்தம் கேட்டது. மழைச் சத்தத்துக்கு நடுவில் தடால் என்று. உடனே நீ கேட்டாய், உடனே நான் இல்லைடா என்றேன். வேறு என்ன சொல்ல எனக்குத் தெரியும்? அன்றிலிருந்து எனக்கும் சரியாகத் தூக்கம் இல்லை.

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. என் மேல் கோபமாகவே இரு. அங்கே மட்டும் போ.

அக்கா


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

உன் கடிதம் அலமாரியில் பிரிக்காமலே ரொம்ப நாள் கிடந்தது. உன்னிடம் கோபித்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? கோபத்தைச் சொல்வதற்கும் எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

திரும்பப் போக ஆரம்பித்துவிட்டேன். ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது கால் தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. அது என் நேரம் இல்லை, வேறு யாரோ உள்ளே இருந்தார்கள். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்த தெரபிஸ்ட் என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் உங்கள் நேரம் இன்னும் உங்களுக்குத்தான் இருக்கிறது என்றார். நீ அவரோடு பேசியதை நான்தான் அவருக்குச் சொன்னேன். உங்கள் அக்காவைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள், கேட்கிறேன் என்றார். சரியான அழுத்தக்காரி.

வண்டி போய்விட்டது அக்கா. மேனேஜர் மோசமான ஆள் இல்லை, இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார், புது டிரைவருக்கே நிரந்தரம் பண்ணிவிட்டார். இனி எனக்கு மடிக்கும் மேசைதான். உன்னிடம் இதை எழுதும்போது அழுகை வருகிறது. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அதில் குறுக்கு வழி எல்லாம் எனக்கு மனப்பாடம். தெரபிஸ்டிடம் அழுதேன், அவர் அதற்கும் ஒரு வழி வைத்திருப்பார் என்று பார்த்தேன். அவரும் கூடவே உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நேற்று புது டிரைவருக்குக் காய்ச்சல். வேறு ஆள் இல்லாமல் மேனேஜர் சாவியை என் கையில் கொடுத்தார், “இன்னிக்கு ஒரு நாள் மட்டும், சுத்தாம வா” என்றார். ஹோட்டல் விரிப்புகளை ஏற்றிக்கொண்டு போனேன். பாலத்துத் திருப்பத்தில் தட்டியது. இரும்புத் தகடு அங்கே இன்னும் இருந்ததா என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. அடுத்த திருப்பத்தில் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டேன், கை தானாகப் போட்டுவிட்டது. பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான். அதை அணைத்துவிட்டு நேராகப் போனேன். ஹோட்டல் பின்வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மூட்டையை வாங்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே இறக்கிக்கொண்டார்.

இதை எழுதும்போதும் பயம் அப்படியேதான் இருக்கிறது. இறங்கும் என்றார், கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறுகிறது. எனக்கு ஜெயித்த மாதிரி எல்லாம் ஒன்றும் இல்லை. அங்கே யாராவது கிடந்தார்களா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே மேசையில் போய் விரிப்பு மடித்தேன், தெரியாமலே உனக்கு எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை, பார்த்தாயா?

தம்பி


மே 8

தம்பி,

பார்த்தேன். படித்து முடித்துவிட்டு, கேட்டிருக்கிறாயா என்று மறுபடி தேடினேன். மாமாவையும் படிக்கச் சொன்னேன். நீ கேட்கவே இல்லை.

வண்டி போனது எனக்கும் தாங்கவில்லை. அந்த மேனேஜரிடம் பேசட்டுமா என்று எழுதத் தோன்றியது, எழுதவில்லை. வேறு வேலை கிடைக்கும் என்று ஆறுதல் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, கிடைக்குமா என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு உனக்காக என்னால் ஆவது ஒன்றும் இல்லை. முன்பு அந்த ஒரு வார்த்தையாவது கையில் இருந்தது.

உன் கடிதம் வந்த அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் மாமா குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்தேன். போலீஸ் ஸ்டேஷன் நம்பர் அதில் அப்படியே இருக்கிறது. நீ வண்டி ஓட்டிய தேதியைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும் என்று தோன்றியது, உனக்குச் சொல்லக்கூட வேண்டாம், எனக்காக. விரல் நம்பர் மேலேயே நிற்கிறது, அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. அப்போதுதான் நீ வருஷக்கணக்காகப் பட்டதில் ஒரு நாள் பாடு எனக்குத் தெரிந்தது.

போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகும் கை சும்மா இல்லை, துவைத்த துணியையே எடுத்து மறுபடி மடித்தேன். நீ அங்கே மடிக்கிறாய், நான் இங்கே.

அன்றைக்கு அந்தத் திருப்பத்தில் என்ன தட்டியது என்று எனக்கும் தெரியாதுடா.

வியாழக்கிழமை போய்விட்டு வந்து எழுது.

அக்கா